பெயர் தெரியாத சிப்பாயின் நாக்கு: நான்கு நரம்புகளின் கதை

1/ கண்ணாடி முன்னாடி நின்னு நாக்கை நீட்டுங்க. நேரா வருதா? வாயைத் திறந்து ‘ஆ’ன்னு சொல்லுங்க. உள்நாக்கு நடுவிலேயே மேல ஏறுதா? ரெண்டு தோளையும் தூக்குங்க. சமமா ஏறுதா? ஒரு வாய் தண்ணி குடிங்க. புரையேறாம இறங்குதா?

முடிஞ்சது. அரை நிமிஷம்தான். மண்டையோட்டின் அடியிலிருந்து கிளம்பும் நான்கு முக்கியமான நரம்புகளைக் கிட்டத்தட்ட ஒரு சுற்று பார்த்துட்டீங்க.

2/ இந்த அரை நிமிஷச் சோதனையை மருத்துவ உலகம் எங்கே கற்றுக்கொண்டது தெரியுமா? பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தில் இல்லை. மாட்டுக் கொம்பு குத்தியவர்களிடமும் குண்டுச் சிதறல் பாய்ந்தவர்களிடமும்தான். இன்றைய இழை அவர்களைப் பற்றி. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு உட்காருங்க.

3/ முதலில் அந்த நால்வரை அறிமுகப்படுத்திடறேன். மூளையிலிருந்து நேரடியாக வெளியே வருவது 12 ஜோடி நரம்புகள். இன்று நாம் பயன்படுத்தும் 1 முதல் 12 வரையிலான வரிசையை 1778இல் வகுத்தவர் ஜெர்மானியரான சோமரிங். அதில் கடைசி நான்கு:

9ஆவது: தொண்டையின் தொடு உணர்வு, நாக்கின் பின்பகுதியின் சுவை.
10ஆவது: வேகஸ். குரல், விழுங்குதல், அண்ணத்தைத் தூக்குதல். அப்படியே இறங்கி இதயம், குடல் வரை போகும்.
11ஆவது: கழுத்தைத் திருப்புவது, தோளைத் தூக்குவது.
12ஆவது: நாக்கின் அசைவு.

பேச, பாட, சாப்பிட, எச்சில் விழுங்க... எல்லாத்துக்கும் இவங்கதான்.

4/ காது மடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே விரலை வைங்க. அதற்கு உள்ளே, ஆழத்தில், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு ஓட்டை இருக்கு. ஜுகுலர் துளை என்று பெயர். மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் பெரிய சிரை அது வழியாகத்தான் வெளியே வருது. கூடவே 9, 10, 11 மூன்று நரம்புகளும். பக்கத்திலேயே தனியாக ஒரு சின்னக் கால்வாய், அது 12ஆவது நரம்புக்கு.

வெளியே வந்ததும் நான்கும் கொஞ்ச தூரம் ஒட்டி ஒட்டி ஓடும். பக்கத்திலேயே மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் தமனி. ஒரு குறுகலான சந்துல நாலு வீட்டு கரண்ட் வயரும் தண்ணிக் குழாயும் சேர்ந்து போற மாதிரி நினைச்சுக்கோங்க. அங்கே ஒரு கடப்பாரை விழுந்தா என்ன ஆகும்?

5/ அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிய முதல் ஆட்களில் ஒருவர் கேலன். இரண்டாம் நூற்றாண்டு. இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமோன் நகரத்துக்காரர். கி.பி. 157 வாக்கில் அங்கே கிளாடியேட்டர்களுக்கு மருத்துவராக இருந்தவர். வாளால் வெட்டுப்பட்ட உடல்கள்தான் அவருக்குப் பாடப்புத்தகம்.

பிறகு ரோமில், கூட்டத்தின் முன்னால், கத்திக்கொண்டிருக்கும் ஒரு பன்றியின் கழுத்தில் மெல்லிய நரம்பு ஒன்றைக் கட்டிக் காட்டினார். பன்றி துள்ளியது, உதைத்தது. சத்தம் மட்டும் வரலை.

6/ இது ஏன் பெரிய விஷயம்? குரலும் சிந்தனையும் இதயத்திலிருந்து வருவதாக நம்பிய அறிஞர்கள் அன்று நிறையப் பேர். இல்லை, குரலை ஆள்வது மூளை, கட்டளை நரம்பு வழியாகத்தான் போகுதுன்னு கேலன் கண்ணெதிரே காட்டிவிட்டார். அவர் கட்டிய நரம்பு நம்ம 10ஆவது நரம்பின் கிளை.

கழுத்துக் கட்டியை அறுக்கப் போன சிலர் இதே நரம்பை அறியாமல் அறுத்து, நோயாளியின் குரலைப் பறித்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கும் தைராய்டு ஆபரேஷன் செய்யும் ஒவ்வொரு சர்ஜனும் பயந்து பயந்து பாதுகாக்கும் நரம்பு அதுதான்.

7/ அங்கிருந்து ஒரே தாவலில் 1904க்கு வாங்க. ஸ்பெயின். காளைச் சண்டை வீரர் ஒருவருக்கு மாட்டுக் கொம்பு தாடை மூலைக்குப் பின்னால் குத்திவிட்டது. நம்ம விரல் வைத்த அதே பள்ளம். உயிர் பிழைத்தார். ஆனால் குரல் கரகரத்துப் போனது, நாக்கு ஒரு பக்கம் கோணியது. அண்ணமும் தோளும் சரியாக இருந்தன.

காது-மூக்கு-தொண்டை மருத்துவர் அந்தோனியோ கார்சியா தாப்பியா இதைப் பதிவு செய்தார். 10ஆவதும் 12ஆவதும் மட்டும் சேர்ந்து அடிபட்டிருக்கு. அப்படின்னா அடி மண்டையோட்டில் இல்லை, அதற்குக் கீழே, கழுத்தில். இன்றும் இதற்கு தாப்பியா சிண்ட்ரோம் என்றே பெயர்.

8/ பத்து வருஷம் கழித்து, 1914இல், முதல் உலகப் போர். பிரெஞ்சு சிப்பாய்கள் போருக்குப் போனது துணித் தொப்பியோடு. பதுங்கு குழியில் உடம்பு மறைந்திருக்கும், தலை மட்டும் வெளியே. பீரங்கிக் குண்டு வெடித்துச் சிதறும் இரும்புத் துண்டுகள்தான் அந்தப் போரின் பெரிய எமன். தலைக்காயங்கள் குவிந்த பிறகு 1915இல் அட்ரியன் என்ற இரும்புத் தொப்பி வந்தது.

அந்தத் தொப்பி உச்சந்தலையைக் காப்பாற்றியது. காதுக்குக் கீழே திறந்தேதான் இருந்தது.

9/ அந்தப் பள்ளத்தில் ஒரு இரும்புத் துண்டு பாய்ந்து தமனி கிழிந்தால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். சில மில்லிமீட்டர் தள்ளிப் பாய்ந்தவர்கள் மட்டும் ஆஸ்பத்திரி வரை வந்தார்கள். கை கால் நல்லா இருக்கும், நடப்பார்கள். ஆனால் குரல் காற்றாக வரும். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். சோறு தொண்டையில் நிற்கும்.

வெளியே பார்த்தால் ஆறிப்போன ஒரு சின்னத் தழும்பு, அவ்வளவுதான்.

10/ 1915இல் லியோன் நகரின் பிரெடெரிக் கோலே அப்படி ஒரு போர்க்காயத்தைப் பற்றி எழுதினார். நாக்கில் பாதி, குரல்வளையில் பாதி, தோள், தொண்டையில் பாதி என நான்கும் ஒரே பக்கம் செயலிழந்திருந்தன. அவர் வைத்த பெயரும் நாக்கு-குரல்வளை-தோள்-தொண்டைப் பக்கவாதம் என்று ரயில் பெட்டி மாதிரி நீளமானது.

அதாவது 9, 10, 11, 12 நான்கும் காலி.

11/ இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிச்சுப் பாருங்க. சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியைப் படமெடுத்ததே 1971இல். எம்.ஆர்.ஐ அதற்கும் பிறகு. 1915இல் இருந்தது எக்ஸ்ரே மட்டும். அது இரும்புத் துண்டைக் காட்டும், நரம்பைக் காட்டாது. அப்புறம் எப்படி இடத்தைக் கண்டுபிடித்தார்கள்?

உடம்பைக் கேட்டுத்தான்.

12/ கை கால் பலவீனம் இருக்கா? இல்லை. அப்போ மூளைத்தண்டுக்குள் அடி இருக்க வாய்ப்பு குறைவு. அங்கே கை காலுக்குப் போகும் பாதைகளும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுது, நரம்புகள் மட்டும் தனியாக மாட்டுவது அரிது. முகம் கோணியிருக்கா? இல்லை. அப்போ 7ஆவது நரம்பு தப்பிவிட்டது, அடி அதற்குக் கீழே. நாலும் ஒரே பக்கம் போயிருக்கா? அப்போ நாலும் ஒன்றாக நெருங்கி வரும் இடம் ஒன்றுதான். ஜுகுலர் துளையும் அந்தச் சின்னக் கால்வாயும் இருக்கும் மண்டையோட்டின் அடித்தளம்.

துப்பறியும் கதை மாதிரி இருக்குல்ல? இதில் சாட்சி சொல்வது நாக்கு.

13/ அந்தச் சாட்சி எப்படிப் பேசும்னு சொல்றேன். நாக்கின் இரண்டு பக்கத் தசைகளும் அதை முன்னால் தள்ளும். நின்னுபோன காரை ரெண்டு பேர் பின்னாடி இருந்து தள்றாங்கன்னு வைங்க. இடது பக்க ஆள் கையை எடுத்துட்டா வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? இடது பக்கம். அதனால் நாக்கு எப்பவும் பலவீனமான பக்கத்துக்கே கோணும்.

உள்நாக்கு இதற்கு நேர் எதிர். அதை இரண்டு பக்கமும் மேலே இழுக்கும். அது கயிறு இழுக்கும் போட்டி. பலமான பக்கம் ஜெயிக்கும். அதனால் உள்நாக்கு நல்ல பக்கத்துக்குப் போகும்.

இடது பக்கம் அடிபட்டவருக்கு நாக்கு இடப்பக்கம், உள்நாக்கு வலப்பக்கம். மருத்துவ மாணவர்கள் தேர்வில் திணறும் இடம் இது.

14/ கோலேக்குப் பின்னால் வரிசையாக வந்தார்கள். மொரீஸ் வெர்னே ஒன்றைக் கவனித்தார். சிலருக்கு 9, 10, 11 மூன்றும் போயிருக்கு, நாக்கு மட்டும் நேரா வருது. காரணம் சுலபம். 12ஆவது நரம்புக்குத் தனி வாசல் இருக்கே! அப்போ அடி ஜுகுலர் துளைக்கு உள்ளேயே.

இன்னொரு அடையாளமும் சொன்னார். ‘ஆ’ சொல்லும்போது தொண்டையின் பின்சுவர் ஜன்னல் திரையை ஒரு பக்கமா இழுத்த மாதிரி நல்ல பக்கத்துக்கு நகரும். இன்றும் அதைத் ‘திரை அடையாளம்’ என்றே சொல்றோம்.

15/ மொரீஸ் வில்லரே 1916இல் இன்னொரு வகையைக் காட்டினார். நான்கு நரம்புகளும் போயிருக்கும், கூடவே அதே பக்கக் கண் இமை லேசாகத் தொங்கும், கண்ணின் பாப்பா சுருங்கியிருக்கும். கண்ணுக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? கண் பாப்பாவை விரிக்கும் நரம்பிழைகள் கழுத்துத் தமனியைச் சுற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகின்றன. அவையும் மாட்டினால் அடி மண்டையோட்டுக்கு வெளியே, தமனியின் ஓரம், உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் பின்னால்.

16/ 1917. மார்செய் நகரில் ழான் அத்தனாஸ் சிகார். கோலே சொன்ன அதே நான்கு நரம்புக் கூட்டத்தை இவரும் விவரித்து, இடத்தின் பெயரையே நோய்க்கு வைத்தார். இரண்டு துளைகளின் ‘சந்திப்பு’ என்ற பொருளில். இன்று இது கோலே-சிகார் சிண்ட்ரோம்.

இந்த சிகாரைப் பற்றி ஒரு சுவாரசியம். போர் முடிந்த பின், ஃபோரஸ்டியே என்பவரோடு சேர்ந்து, அயோடின் சேர்த்த கசகசா எண்ணெயை முதுகுத்தண்டு உறைக்குள் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். எண்ணெய் எங்கே தடைபட்டு நிற்குதோ, அங்கே கட்டி. நாக்கையும் தோளையும் பார்த்து இடம் குறித்தவர், உடம்புக்குள்ளேயே படமெடுத்து இடம் காட்டும் காலத்தையும் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர்.

17/ எல்லாத்தையும் சேர்த்தா ஒரு வரைபடம் கிடைக்குது:

9, 10, 11 மட்டும் போனால்: துளைக்குள்ளே.
9, 10, 11, 12 போனால்: துளைக்குக் கொஞ்சம் வெளியே, மண்டையோட்டின் அடியில்.
நான்கோடு கண்ணும் சேர்ந்தால்: இன்னும் வெளியே, தமனி ஓரம்.
10, 12 மட்டும்: இன்னும் கீழே, கழுத்தில்.

உடம்பு எப்போதும் இந்த அட்டவணைக்குக் கட்டுப்படாது. பாதி நரம்பு போகும், ஒன்று தப்பும், ஒன்று பிறகு சேரும். ஆனால் தேடலை எங்கே தொடங்கணும்னு இது சொல்லிடும்.

18/ “டாக்டர், அதான் இப்போ ஸ்கேன் இருக்கே, இதெல்லாம் எதுக்கு?” நியாயமான கேள்வி. இந்த இழையே அதுக்குத்தான்.

ஸ்கேன் என்பது டார்ச் லைட் மாதிரி. எங்கே அடிக்கறோமோ அங்கேதான் வெளிச்சம். குரல் கரகரப்புன்னு வந்தவருக்கு வழக்கமான மூளை ஸ்கேன் எடுத்து, ‘நார்மல்’னு ரிப்போர்ட் வரலாம். மண்டையோட்டின் அடித்தளத்தையும் மேல் கழுத்தையும் குறிவைத்து எடுக்காவிட்டால், அங்கே ஒரு சின்னக் கட்டி சத்தமில்லாமல் தப்பிவிட முடியும்.

19/ இன்னொரு உதாரணம். குரல் மட்டும் போயிருந்தால் கழுத்தோடு நெஞ்சையும் பார்க்கணும். ஏன்னா இடது பக்கக் குரல் நரம்பு நேரா குரல்வளைக்குப் போகாது. நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலே வரும். நுரையீரலில் ஒரு கட்டி இருந்தாலும் குரல் கம்மும்.

குரலோடு நாக்கும் கோணியிருந்தால்? நெஞ்சில் தேடுவது மட்டும் போதாது, மேலே வரணும். ஒருமுறை “நாக்கை நீட்டுங்க” என்று சொல்வதில் தேடும் இடமே மாறுது. அதற்குச் செலவு எதுவும் இல்லை.

20/ இன்று இதற்குக் காரணம் பீரங்கி இல்லை. துளைக்குள் மெதுவாக வளரும் ரத்தநாளக் கட்டிகள், வேறிடத்திலிருந்து எலும்புக்குப் பரவிய புற்றுநோய், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிவது, விபத்தில் முதல் கழுத்தெலும்பு உடைவது.

தாப்பியா சிண்ட்ரோமும் உயிரோடுதான் இருக்கு. அறுவை சிகிச்சைக்குத் தொண்டையில் குழாய் போட்டபோது தலை அதிகம் திரும்பியிருந்தாலோ, குழாயின் பலூன் அழுத்தினாலோ வரலாம். 2020இல் கொரோனா நோயாளிகளைக் குழாயோடு குப்புறப் படுக்கவைத்துச் சிகிச்சை செய்தபோது, பல நாடுகளின் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். காளையின் கொம்பு செய்த அதே வேலை.

21/ சுகர் இருக்கற பெரியவங்க வீட்டில் இருந்தா இதை மட்டும் கவனமா படிங்க. காதில் வலி, குறிப்பா ராத்திரி தூங்கவிடாத வலி, சீழ் வடிதல், சொட்டு மருந்து போட்டும் வாரக்கணக்கில் குறையலை என்றால் ‘காதுவலிதானே’ன்னு விடாதீங்க. சர்க்கரை நோயில் காதுக் கிருமி எலும்புக்குள் இறங்கி மண்டையோட்டின் அடித்தளத்தையே அரிக்கலாம். முகம் கோணுவது, குரல் மாறுவது, விழுங்க முடியாமல் போவது எல்லாம் அதன் அடுத்த கட்டம். அதுக்கு முன்னாடியே பிடிக்கணும்.

22/ புரையேறினா “யாரோ நினைக்கறாங்க”ன்னு சொல்லி உச்சந்தலையில் தட்டுவோம். எப்பவாவது ஒருதரம்னா சரி. சாப்பிடும் ஒவ்வொரு முறையும், தண்ணி குடிக்கும் ஒவ்வொரு முறையும் புரையேறுதுன்னா நினைக்கறவங்களைத் தேடாதீங்க, டாக்டரைத் தேடுங்க. உணவு மூச்சுக்குழாயில் இறங்கினா நிமோனியா வரும். 1915இன் சிப்பாய்க்கு அப்படி வந்திருந்தா ஆன்டிபயாடிக் கிடையாது. பெனிசிலினைக் கண்டுபிடித்ததே 1928இல். குண்டுக்குத் தப்பியவனை ஒரு வாய்க் கஞ்சி கொன்றிருக்க முடியும்.

23/ எப்போ போகணும்?

திடீர்னு குரல் மாறி, விழுங்க முடியாம, தலைசுற்றல், தடுமாற்றம், கை கால் பலவீனம் சேர்ந்தா: அது பக்கவாதமா இருக்கலாம். ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்காம அவசர சிகிச்சைக்குப் போங்க.
கழுத்தில் அடி அல்லது திடீர்க் கழுத்து வலி, அதோடு ஒரு பக்க இமை தொங்கினா: அதுவும் அவசரம்.
மூணு வாரம் தாண்டியும் குரல் கரகரப்பு போகலைன்னா: இ.என்.டி. டாக்டர். புகைபிடிப்பவர்கள் அதுவரை கூடக் காத்திருக்க வேண்டாம்.
நாக்கு கோணுது, ஒரு பக்கம் இளைச்சிருக்கு, ஒரு தோள் தொங்குது என்றால்: நரம்பியல் டாக்டர்.

கண்ணாடிச் சோதனை சரியா இருந்தாலும் தொந்தரவு இருந்தா போகத்தான் வேணும்.

24/ சிகிச்சை உண்டா? காரணத்தைப் பொறுத்தது. கிருமின்னா மருந்து, கட்டின்னா அறுவை அல்லது கதிர்வீச்சு. அழுத்தத்தால் மட்டும் மரத்துப்போன நரம்புகள் சில மாதங்களில் திரும்ப வருவதும் உண்டு. அதுவரை விழுங்கும் பயிற்சி பெரிய உதவி. உதாரணமாக, பலவீனமான பக்கத்துக்குத் தலையைத் திருப்பி விழுங்கினால், உணவு நல்ல பக்கம் வழியாக இறங்கும். (பரிசோதனை செய்த நிபுணர் சொல்லாம நீங்களா முயற்சி பண்ணாதீங்க.)

செயலிழந்த குரல்நாணை ஊசி மருந்தால் பருமனாக்கி நடுவுக்குக் கொண்டுவரலாம். 1911இலேயே ப்ரூனிங்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் பாரஃபின் மெழுகை வைத்து இதை முயன்றார். இன்று அதைவிடப் பாதுகாப்பான பொருட்கள் இருக்கு.

25/ கோலே, வெர்னே, வில்லரே, சிகார், தாப்பியா... ஐந்து மருத்துவர்களின் பெயரும் பாடப்புத்தகத்தில் இருக்கு. அவர்கள் முன்னால் உட்கார்ந்து, உடைந்த குரலில் ‘ஆ’ சொல்லி, கோணிய நாக்கை நீட்டிக் காட்டியவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. அந்த வரைபடத்துக்கு விலை கொடுத்தது அவங்கதான். அதைப் பயன்படுத்தாம விட்டா இழப்பு நமக்கு.

அதனால் அடுத்த தடவை குரல் பிரச்சினைன்னு போகும்போது, டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னா கூச்சப்படாம நல்லா நீட்டுங்க. சொல்லலைன்னா, “நாக்கையும் ஒருதரம் பாத்துடுங்க டாக்டர்”னு நீங்களே கேளுங்க. தப்பே இல்லை.

வீட்டுல யாருக்காவது அடிக்கடி புரையேறுதுன்னா இந்த இழையை அவங்களுக்கு அனுப்புங்க. கேள்விகள் இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன்.